கோபுரத்தைப் பார்க்காதவன்

பார்சிலோனாவுக்குப் போகிறோம் என்று தெரிந்த நாளிலிருந்து, ராஜபாளையத்தில் ஒருவர்கூட அந்த ஊரின் கடற்கரையைப் பற்றி என்னிடம் பேசவில்லை. எல்லோரும் பேசியது அங்குள்ள பிக்பாக்கெட்டுகளைப் பற்றித்தான். மில்லில் என்னோடு வேலை பார்த்தவரின் மருமகனுக்கு அங்கே பாஸ்போர்ட் போயிருக்கிறது. செட்டியார்பட்டியில் என் ஒன்றுவிட்ட தம்பிக்குத் தெரிந்த ஒருவருக்குக் கழுத்தில் தொங்கிய கேமராவில் வார் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கேட்கக் கேட்க, ஏதோ களவுப் பயிற்சிப் பள்ளியில் சேரப் போகிறவன் மாதிரி எனக்கே தோன்றிவிட்டது.

நூற்பாலையில் முப்பத்தொரு வருடம் டைம் ஆபீஸில் இருந்தவன் நான். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதுவதே தொழில். ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. இந்தக் கட்டுரையில் வரும் கிழமையும் மணியும் என் நாட்குறிப்பில் அன்றன்று எழுதியவை.

எங்கள் மகள் கோதை பார்சிலோனாவில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஏழாம் மாதம். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. என் மனைவி செண்பகம் ஒரு மாதம் முன்பே போய்விட்டாள். என் பொறுப்பில் இருந்தது ஒன்றே ஒன்று: ஒன்பது டஜன் கண்ணாடி வளையல். சிவப்பும் பச்சையும். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயில் வாசல் கடையில் வாங்கி, ஆண்டாள் சன்னதியில் திருவடியில் வைத்து எடுத்தவை.

இரண்டு வருடத்துக்கு முன்பு கோதைக்கு முதல் குழந்தை தங்காமல் போனது. அந்தத் துக்கத்தில் அவள் ஊருக்கு வந்திருந்தபோது நாச்சியார் சன்னதியில் நின்று நேர்ந்துகொண்டது இந்த வளையல். போனில் அவள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

"அப்பா, இங்க புடவை கெடைக்கும், சந்தனம் கெடைக்கும், தேடினா மல்லிப்பூகூட கெடைக்கும். நாச்சியார் காலடியில வெச்ச வளையல் கெடைக்காது. அது இல்லாம நான் மணையில உக்கார மாட்டேன். வேற எதத் தொலைச்சாலும் அதத் தொலைச்சிராதீங்க."

பக்கத்து வீட்டு ராஜு, காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி தயாரிக்கும் யூனிட் வைத்திருப்பவர். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் காஸ் துணி அவரிடம் மலையாகக் கிடக்கும். விஷயத்தைக் கேட்டதும் ஒரு கட்டுத் துணியோடு வந்து, ஒவ்வொரு டஜனையும் கைக்குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றிக் கொடுத்தார்.

"எலும்பு முறிஞ்சவனையே இது தாங்குது. வளையலத் தாங்காதாண்ணா?" என்றார். கிளம்பும்போது அவர் வீட்டம்மா தெலுங்கில், "ஜாக்ரத்த" என்று மட்டும் சொன்னார். அந்த வாரம் எங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கைகளில் சுருக்கமானது அதுதான்.

என்னோடு வந்தவள் என் அக்கா சௌந்தரம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு அவள் ஏட்டம்மா. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். இருபத்தாறு ஆடிப்பூரத் தேரோட்டத்தில் கூட்டத்துக்குள் நின்று டூட்டி பார்த்தவள். தேருக்கு வரும் பெண்களின் சங்கிலியைச் சேலையோடு சேர்த்து ஊக்கு குத்தி அனுப்புவது அவளுக்குக் கொடுத்த வேலை. ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் அவள் இடது கை வளையலில் எப்போதும் ஒரு கொத்து ஊக்கு தொங்கும்.

நானோ புத்தகங்களிலும் இணையத்திலும் படித்து நாற்பது எச்சரிக்கைகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பையை முன்பக்கம் மாட்ட வேண்டும், பின் பாக்கெட்டில் எதுவும் கூடாது, பாஸ்போர்ட் நகல் தனியாக இருக்க வேண்டும் என்றெல்லாம். அக்கா புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எதுக்குலே இம்புட்டு எழுதியிருக்க? களவாணி வந்தா நிப்பாட்டி வெச்சுப் படிச்சுக் காட்டப் போறியா?"

வியாழக்கிழமை காலை 11.20க்கு பார்சிலோனா விமான நிலையத்தில் எங்கள் முதல் இழப்பு நேர்ந்தது. அதைச் செய்தவர் சீருடையில் இருந்தார். பால் பொருள் எதையும் வெளியிலிருந்து உள்ளே கொண்டுவரக்கூடாது என்பது அங்கே சட்டமாம். என் நாற்பது எச்சரிக்கைகளில் அது இல்லை. இரண்டு கிலோ ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மேசைக்கு வந்தது.

"தின்னுட்டு உள்ள போகலாமான்னு கேளு" என்றாள் அக்கா.

கேட்டேன். அதிகாரி தோளைக் குலுக்கினார். அக்கா அங்கேயே நின்று பொட்டலத்தைப் பிரித்தாள். ஆளுக்கு நாலு வாய் தின்றோம். அவருக்கும் ஒரு உருண்டை நீட்டினாள். அவர் டூட்டியில் இருப்பதாகச் சைகை காட்டி மறுத்தார். அக்காவுக்கு அவரை அந்த நொடியில் பிடித்துப் போனது. "நல்ல போலீசுலே. டூட்டியில கைநீட்ட மாட்டேங்கான்."

அடுத்து வளையல் பை. அது காக்கி நிறத் துணிப்பை, இரண்டு நீளக் காதுகள் வைத்தது. உள்ளேயிருந்த ஒன்பது வெள்ளைச் சுருள்களைப் பார்த்து அந்த அதிகாரி ஆங்கிலத்தில் யாருக்கு அடிபட்டிருக்கிறது என்று கேட்டார். யாருக்கும் இல்லை, பேறுகாலத்துக்கு முன் மகளுக்குப் போடும் வளையல் என்றேன். ஒன்றைப் பிரித்தார். சிவப்பு வளையல்கள் வெளியே வந்ததும் அவர் முகமே மாறிவிட்டது. பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அவரே சுற்ற முயன்று, சரியாக வராமல், அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

மாப்பிள்ளை வெளியே காத்திருந்தார். மெட்ரோவில் போகலாம் என்று ஆளுக்கொரு பயண அட்டை கொடுத்தார். நான் அதைப் பாக்கெட்டில் போட்டதுதான் தாமதம், அக்கா பாக்கெட் வாயை ஊக்கால் குத்திவிட்டாள். ரயிலுக்குள் ஒலிபெருக்கி ஆங்கிலத்தில், பிக்பாக்கெட்டுகள் இருக்கிறார்கள், உடைமைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றது. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அக்கா சந்தோஷமாகத் தலையாட்டினாள். தேரோட்டத்தன்று கோயில் மைக்கில் காலையிலிருந்து ஓடுவதும் அதே வாசகம்தானே. எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தும் அவளுக்கு ஊர் மாறவில்லை.

வண்டி மாறும் இடத்தில் ஒரு தானியங்கிக் கதவு மறுபடியும் அட்டை கேட்டது. என் பாக்கெட் திறக்கவில்லை. ஊக்கு துணிக்குள் இரண்டு மடிப்பாகப் போயிருந்தது. நான் பிடுங்க, அது விரலில் குத்த, பின்னால் வரிசை நீண்டது. நடுவில் ஒருவர் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். என்னவென்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கால்சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் சீக்கிரம் முடியும் என்கிறார், மாமா."

நான்கு நிமிடம் ஆனது. வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் சண்டை போட்டேன். எனக்கே எடுக்க முடியாத பாக்கெட் எதற்கு என்றேன்.

"ஊக்கு களவாணியப் பிடிக்காதுலே," என்றாள் அவள். "ரெண்டு நொடி நிப்பாட்டும். அம்புட்டுதான். அந்த ரெண்டு நொடி போதும் நமக்கு."

கோதை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வளையல் பையை மட்டும் ஒரு தரம் மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். பிரித்துப் பார்க்கவில்லை. தடவிவிட்டுத் திருப்பித் தந்தாள்.

வெள்ளிக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட, செண்பகத்தை வீட்டில் விட்டுவிட்டு நானும் அக்காவும் ஊர் பார்க்கக் கிளம்பினோம். இரண்டு பக்கமும் மரம் நின்ற நீண்ட நடைபாதை. தீப்பெட்டி அடுக்கியதுபோல் கூட்டம். நான் என் நோட்டின்படி பையை நெஞ்சில் அணைத்து, கைபேசியை உள்பாக்கெட்டில் வைத்து, எதிரே வந்த அழுக்குச் சட்டைக்காரர்கள் எல்லோரையும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே நடந்தேன். அக்கா என் முழங்கையை இடித்தாள்.

"அவனெல்லாம் பாவப்பட்டவன். விடு. களவாணி நம்மள விட நல்லா உடுத்தியிருப்பான். நாறிக்கிட்டு வந்தா எவன் கிட்ட விடுவான்?"

பகல் இரண்டரை மணிக்குத்தான் அங்கே மதிய உணவு. பன்னிரண்டுக்கே எங்களுக்குப் பசி. ஒரு கடையில் சுட்ட ரொட்டி மேல் பழுத்த தக்காளியைத் தேய்த்து, எண்ணெயும் உப்பும் விட்டுத் தந்தார்கள். அக்கா ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சட்னிய அரைக்கச் சோம்பேறித்தனம். பழத்தையே தேய்ச்சு விட்டுட்டான்." ஆனால் நாலு துண்டு தின்றாள். உடன் வந்த உருளைக்கிழங்கு வறுவலுக்கு மேலே சிவப்பாக ஊற்றியிருந்த காரக் குழம்பில் காரத்தைத் தேடினோம், கிடைக்கவில்லை. காபி, ஆண்டாள் கோயில் தீர்த்த அளவு.

அங்கேதான் அவளிடம் கேட்டேன். "அத்தன கூட்டத்துல களவாணிய எப்படிக்கா கண்டுபிடிப்ப?"

"தேரு வருதுன்னா எல்லாரும் எங்க பாப்பாவ?"

"தேரத்தான்."

"மேல பாப்பாவ. கொடையப் பாப்பாவ, நாச்சியாரப் பாப்பாவ. கெழவி, பச்சப்புள்ள, குடிகாரன் எல்லாவனும் மேலதான் பாப்பான். ஒருத்தன் மட்டும் கீழ பாத்துக்கிட்டு வருவான். தேரு வந்தும் தேரப் பாக்காதவன் எவனோ, அவந்தான் நம்ம ஆளு." ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தாள். "அதுக்கு நாமளும் தேருக்கு முதுகக் காட்டிட்டுல்ல நிக்கணும்? இருபத்தாறு தேரு போயிருக்கு எனக்குப் பின்னால. வடத்துச் சத்தம் கேட்டிருக்கேன். முகம் பாத்ததில்ல."

அதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. டூட்டிக் குறிப்பைப் படிப்பதுபோல் சொன்னாள். நான்தான் எழுதிக்கொண்டேன்.

திரும்பும் வழியில் மேளம் அடிக்கும் ஒருவனைச் சுற்றிக் கூட்டம். அக்கா ஒரு ஆளைக் கண்ணால் காட்டி, "மேளத்தப் பாக்கல" என்றாள். ஐந்து நிமிடம் காத்திருந்தோம். அவனுடைய பெண்டாட்டி ஐஸ்கிரீமோடு வந்தாள். அவளைத்தான் எதிர்பார்த்து நின்றிருக்கிறான். நான் சிரித்தேன். அக்கா, "எல்லாம் ஒரே தடவையிலயா மாட்டும்?" என்று நடந்துவிட்டாள். அன்றிரவு நோட்டில், 'தேர்க் கொள்கை: நிரூபணம் இல்லை' என்று எழுதினேன். அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறது. அடிக்கவில்லை.

சனிக்கிழமை. வளைகாப்பு மறுநாள் கோதையின் தோழி வீட்டில். கோதையின் வீட்டை விடப் பெரிய கூடம் அவளுக்கு. தட்டு அலங்கரிக்க வளையலை முந்தின நாளே கொண்டுவரச் சொல்லியிருந்தாள். அவள் வீடு, நூறு வருடத்தைத் தாண்டியும் இன்னும் கட்டிக்கொண்டே இருக்கிறார்களே அந்தப் பெரிய தேவாலயம், அதற்குப் பின்னால் இரண்டாவது தெரு. அவள் வேலை முடிந்து வர நான்கு மணி. கோதையும் செண்பகமும் டாக்டரைப் பார்த்துவிட்டு நேரே தேவாலயச் சதுக்கத்துக்கு வந்து எங்களைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு.

நாங்கள் 3.10க்கே போய்விட்டோம். ஒரு கல் பெஞ்சில் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் அக்கா வளையல் பையின் இரண்டு காதுகளையும் என் கால்சட்டையின் பெல்ட் பட்டியோடு சேர்த்து ஊக்கு குத்தினாள். மூன்று ஊக்கு. வியாழக்கிழமை அவமானம் நினைவுக்கு வந்தது.

"இது எதுக்குக்கா? மடியிலதான வெச்சிருக்கேன்."

"மடியிலயே வெச்சிருப்பியா? கோயிலப் பாத்ததும் எந்திரிப்ப. எந்திரிச்சா கீழ வெப்ப."

அப்படியே நடந்தது. அந்தக் கட்டடத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்க முடியாது. ஈர மணலை விரலிடுக்கில் ஒழுகவிட்டு எழுப்பியதுபோல் கோபுரங்கள். அவற்றுக்கு மேலே பாரம் தூக்கும் இயந்திரங்கள் நீட்டி நிற்கின்றன. எங்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்த எனக்கே கழுத்து போதவில்லை. சதுக்கத்தில் ஆயிரம் பேர் இருந்தால் ஆயிரம் முகமும் வானத்தைப் பார்த்திருந்தது. நான் எழுந்தேன். பையைக் காலிடுக்கில் வைத்தேன். கேமராவை எடுத்தேன்.

அக்கா பெஞ்சில் திரும்பி உட்கார்ந்திருந்தாள். தேவாலயத்துக்கு முதுகு.

"ஏலே, நீலச்சட்டை. கையில மடிச்ச கோட்டு. பக்கத்துல ஒரு பொம்பள, வெள்ளத் தொப்பி. அஞ்சு நிமிசமாச்சு. ரெண்டு பேரும் ஒருக்கா கூட மேல பாக்கல."

நான் பார்த்தேன். நாகரிகமான ஜோடி. அவன் கையில் ஊர் வரைபடம்கூட இருந்தது. "வழி தேடுதாங்கக்கா. நேத்து மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுக் கேமராவை உயர்த்தினேன்.

3.32க்கு என் இடது தோளில் ஏதோ ஈரமாக விழுந்தது. வெள்ளைத் தொப்பிப் பெண் ஓடி வந்தாள். ஐயோ, பறவை எச்சம் என்று ஆங்கிலத்தில் பதறினாள். மேலே புறாக்களைக் கைகாட்டினாள். காகிதக் கைக்குட்டையை எடுத்து என் தோளைத் துடைக்க ஆரம்பித்தாள். எங்கள் ஊர் பேங்க் வாசலில் சட்டையில் சாணியைத் தெளித்துவிட்டு, 'சார், பின்னால அழுக்கு' என்பார்களே, அதே வித்தை. என் நோட்டில் பதினேழாவது எச்சரிக்கை. ஆனால் ஒரு பெண் இவ்வளவு அக்கறையாகத் துடைக்கும்போது பதினேழு எங்கே நினைவுக்கு வரும்? நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

இடுப்பில் யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல் இருந்தது. நான் பக்கவாட்டில் சாய்ந்தேன். நீலச்சட்டைக்காரன் குனிந்து பையைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருக்கிறான். பை வந்திருக்கிறது, கூடவே நானும் வந்திருக்கிறேன். ஒரு இழுப்பு. டர்ரென்று கால்சட்டை இடுப்பிலிருந்து முழங்கால்வரை கிழிந்தது. அவன் திகைத்து என் முகத்தைப் பார்த்தான். இன்னொரு இழுப்பு இழுத்தான். நான் கல்தரையில் விழுந்தேன். பையும் விழுந்தது. எனக்குக் கேட்டது பை விழுந்த சத்தம் மட்டும்தான்.

அந்த இரண்டு நொடி போதுமானதாக இருந்தது.

"எங்கலே எடுக்க? நில்லுலே!"

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் ஒலிபெருக்கி இல்லாமல் நாலு தெருவுக்குக் கேட்ட குரல். சதுக்கத்தில் இருந்த அத்தனை முகங்களும் கோபுரத்திலிருந்து கீழே இறங்கின. அக்கா அவன் பின்னால் வந்து பெல்ட்டை வலது கையால் பிடித்து மேலே தூக்கினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. குதிகால் தரையில் படாத மனிதனால் ஓட முடியாது. அறுபத்து மூன்று வயதுப் பெண், சுங்குடிச் சேலை, கையில் ஊக்குக் கொத்து. அவள் பிடியில் ஆறடி ஆள் நுனிக்காலில் நின்றான். தொப்பிக்காரி கூட்டத்தில் கரைந்துவிட்டாள்.

அவன் மடித்த கோட்டு கீழே விழுந்தது. அதிலிருந்து இரண்டு கைபேசிகளும் ஒரு தோல் பர்ஸும் வெளியே வந்தன. கூட்டத்தில் ஒரு வயதானவர் தன் பாக்கெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். பர்ஸ் அவருடையது. அதுவரை அவருக்குப் போனதே தெரியாது. யாரோ கைதட்டினார்கள். பிறகு சதுக்கமே தட்டியது.

நான் எழுந்திருக்கவில்லை. பையைத் திறக்கப் பயம். ஒவ்வொரு சுருளாகத் தொட்டுப் பார்த்தேன். காஸ் துணி மெத்தென்று இருந்தது. முதல் சுருளைப் பிரித்தேன்; பன்னிரண்டு. இரண்டாவது, பன்னிரண்டு. எட்டு சுருள் வரை முழுசாக இருந்தது. ஒன்பதாவதில் ஒரே ஒரு சிவப்பு வளையல் இரண்டாக ஆகியிருந்தது.

அக்கா அவனைப் பிடித்தபடியே எட்டிப் பார்த்தாள். "ஒண்ணுதான? திருஷ்டி கழிஞ்சிது. மத்தத எடுத்துச் சுத்து."

நகரக் காவல்துறைப் பெண்கள் இருவர் ஓடி வந்தார்கள். அதற்குள் நான் கிழிந்த கால்சட்டையை மறைக்க ஒரு சுருள் துணியை எடுத்துத் தொடையில் சுற்றியிருந்தேன். அதைப் பார்த்ததும் அவர்களில் இளையவள் கம்பியில்லாக் கருவியில் ஆம்புலன்ஸ் கேட்கத் தொடங்கிவிட்டாள். அந்த நேரம்தான், 3.50க்கு, கோதையும் செண்பகமும் வந்தார்கள். கட்டுப்போட்ட காலோடு தரையில் நான், ஒரு ஆளைத் தூக்கிப் பிடித்தபடி அத்தை, சுற்றிலும் போலீஸ். செண்பகம், "ஏங்க!" என்று அலறினாள். கோதை என் காலைப் பார்க்கவில்லை.

"வளையல்?"

"நூத்தி ஏழு இருக்கு" என்றேன்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். வயிற்றில் ஒரு கையும் பையில் ஒரு கையும் வைத்து மூச்சு விட்டாள். பிறகுதான் ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று ஸ்பானிய மொழியில் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள்.

மற்றதெல்லாம் அவள் மொழிபெயர்த்ததுதான். அந்த ஆளின் முகம் காவலர்களுக்குத் தெரியும்; பொருளோடு பிடிபட்டதில்லை. மூத்த காவலர், நாற்பது வயதிருக்கும், அக்காவின் பிடியை இரண்டு பக்கமும் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "அம்மாவும் நம்ம வேலையா?"

"ஏட்டம்மான்னு சொல்லுட்டி" என்றாள் அக்கா.

கோதை எப்படிச் சொன்னாளோ, அந்தப் பெண் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். அக்காவும் பதிலுக்கு வைத்தாள். அதற்காகப் பிடியை விட வேண்டியிருந்தது. அதற்குள் ஆள் விலங்கில் இருந்தான்.

இவனை எப்படி அடையாளம் கண்டீர்கள் என்பது அடுத்த கேள்வி. அக்கா தேர்க் கதையைச் சொன்னாள். கோதை சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. அவர் சொன்னதன் தமிழ்: "நானும் அப்படித்தான் பிடிப்பேன். நாலு வருடமாக இந்தச் சதுக்கத்தில் டூட்டி. இந்தக் கோயிலைப் பார்க்க உலகமே வருகிறது. நான் ஒருநாளும் நிதானமாகப் பார்த்ததில்லை."

அக்கா அவர் தோளைப் பிடித்துத் தேவாலயத்துப் பக்கம் திருப்பிவிட்டாள்.

"செத்த நேரம் பாரும்மா. நான் நிக்கேன்."

கோதை மொழிபெயர்க்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. இளையவள் அந்த ஆளை வண்டிக்குக் கொண்டுபோனாள். மூத்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்தார். அக்கா அவருக்கும் கோயிலுக்கும் முதுகு காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நின்றாள். மூன்று நிமிடம். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்போது நீங்கள் பாருங்கள், நான் நிற்கிறேன்" என்றார்.

"எனக்கெதுக்கும்மா? எங்க ஊருல தேரு இருக்கு" என்று சொல்லி அக்கா நடந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை 10.15க்கு கோதை மணையில் உட்கார்ந்தாள். இருபது பேர் கூடிய கூடம். தட்டில் சிவப்பும் பச்சையுமாக நூற்று ஏழு. முதல் வளையலை யார் போடுவது என்று செண்பகம் பார்ப்பதற்குள் கோதை கையை அத்தையின் பக்கம் நீட்டிவிட்டாள். அக்கா ஒரு பச்சை வளையலை எடுத்து, விரல்களைக் குவித்துப் பிடித்து, நோகாமல் ஏற்றினாள். பிறகு பழக்கத்தில் இடது கை ஊக்குக் கொத்தில் ஒன்றை எடுத்து, கோதையின் கழுத்துச் சங்கிலியையும் சேலையையும் சேர்த்துக் குத்திவிட்டாள். கூடம் வெடித்துச் சிரித்தது.

"சிரிங்க. கூட்டம் இருக்கா இல்லையா?" என்றாள்.

தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. ஆடியில் கோதை ஏழு மாதக் குழந்தையோடு ஊருக்கு வந்தாள். ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போனோம். வன்னியம்பட்டி தாண்டும்போதே நெரிசல். என் கைபேசி உள்பாக்கெட்டில், பாக்கெட் வாயில் ஊக்கு. நடத்துநரிடம் சில்லறை எடுக்கத் தடுமாறினேன். இந்த முறை யார்மேலும் கோபம் வரவில்லை.

அக்கா தேரடியில் தன் பழைய இடத்தில் நின்றிருந்தாள். ஓய்வு பெற்ற பிறகும் வருடா வருடம் அங்கேதான் நிற்பாள். வடம் பிடிக்கப் போகிறார்கள், கோவிந்தா என்று நாலு பக்கமும் முழக்கம், அவள் முகம் மட்டும் கூட்டத்தை நோக்கி.

"அக்கா, நீ திரும்பு. இன்னைக்கு நான் நிக்கேன்."

"உனக்கு ஒண்ணும் தெரியாதுலே."

"பார்சிலோனாவுல அந்த அம்மாவுக்கு நீ நின்னேல்ல?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோதை, "திரும்புங்கத்தை" என்று குழந்தையோடு சேர்த்து அவள் தோளைத் தொட்டாள். அக்கா வளையலிலிருந்து ஊக்குக் கொத்தைக் கழற்றி என் கையில் வைத்தாள். திரும்பினாள்.

8.05க்குத் தேர் அசைந்தது. தரை அதிர்ந்ததை முதுகால் உணர்ந்தேன். எனக்கு எதிரே ஆயிரக்கணக்கான முகங்கள் மேலே நிமிர்ந்திருந்தன. எத்தனை விதமான முகங்கள்! இதைத்தான் அவள் இருபத்தாறு வருடம் பார்த்திருக்கிறாள். அப்போது கண்டேன். கட்டம் போட்ட சட்டை, தோளில் துண்டு, நல்ல உடை. தேர் நகர்ந்தும் அவன் கண் கீழேயே இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம். மேலே பார்க்கவேயில்லை. மெல்ல நகர்ந்து பின்னால் போய், வலது கையால் அவன் பெல்ட்டைப் பிடித்து மேலே தூக்கினேன்.

அவன் நுனிக்காலில் நின்று, தலையை மட்டும் திருப்பினான்.

"அண்ணாச்சி, பெல்ட்ட விடுங்க. நான் மஃப்டி."

விட்டேன். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க ஏட்டம்மா தம்பியா? அவிய பிடிக்கிற பிடிதான் இது. எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவியதான். எங்க அவிய?"

கைகாட்டினேன். இரண்டு பேருமாகப் பார்த்தோம். "அக்கா!" என்று கூப்பிட்டேன். அவரும், "ஏட்டம்மா!" என்று உரக்கக் கூப்பிட்டார். பத்தடி தூரம்தான். கேட்காமல் இருக்காது.

அக்கா திரும்பவில்லை. இரண்டு கையும் தலைக்கு மேல் கூப்பி, கழுத்தை நிமிர்த்தி, தேர் போகப் போகக் கூடவே மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தாள். தேர் தெரு முனையில் மறையும்வரை ஒரு தடவைகூடக் கண்ணைக் கீழே இறக்கவில்லை. நேரம் குறித்திருக்கிறேன். பதினேழு நிமிடம்.